பட்டியலில் இல்லாத சனிக்கிழமைகள்

முதல் அறிகுறி மலையில்தான் வந்தது. இலங்கையில், கஹவத்தையிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். நான் அங்கே கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிக்கும் பெண்களின் வேலையை மலையில் நின்று மேற்பார்வை செய்கிறவன். அன்று காலை ஒன்பதாம் நம்பர் மலையில், பின்னால் வருகிறவர்களைப் பார்க்கத் தலையைத் திருப்பினேன். தலை திரும்பி நின்றது. மலை நிற்கவில்லை. தேயிலை நிரைகள் இடப்பக்கமாக வழுக்கிக்கொண்டே போயின. பக்கத்துச் செடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாங்கய்யா, காலையிலேயேவா?" என்றாள் காளியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நான் குடிக்காதவன் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால்தான் அந்தக் கேலி. நான் வாந்தி எடுத்ததும் அவளே முதுகில் தொங்கிய கொழுந்துச் சாக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவந்து என் தோளைத் தாங்கினாள்.

தலைசுற்றலோடு வாழ்கிறவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நமக்கு எதுவுமே இல்லை. காயமில்லை, கட்டில்லை, காய்ச்சல்கூட இல்லை. அதனால் நாம் சொல்வதை நம்புவதற்கு ஆட்கள் குறைவு.

இரத்தினபுரியில் டாக்டர் முதலில் பக்கவாதம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டார். திடீரென்று உலகம் சுற்றினால், பித்தம் என்று எலுமிச்சம்பழத்தோடு வீட்டில் காத்திருக்காதீர்கள். பக்கவாதமா என்பதை முதலில் பார்க்கவேண்டும். பிறகு என் கண்களை வெகுநேரம் கவனித்தார். விழிகள் தாமாகவே ஒரு பக்கம் துள்ளித் துள்ளித் திரும்பின. "வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ்" என்றார் (உட்காதிலிருந்து மூளைக்குச் சமநிலைச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்பில் ஏற்படும் அழற்சி). அதற்கு முன்பு வந்துபோன சாதாரணச் சளிக்காய்ச்சல் காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார். சுற்றலைத் தணிக்க மாத்திரை கொடுத்தார். முதல் சில நாட்களுக்கு மட்டும்தான் என்று சொல்லியே கொடுத்தார்.

பெருஞ்சுற்றல் அடங்கியது. ஆனால் நடந்தால் தரை படகுபோல் இருந்தது. தலையைத் திருப்பினால் பார்வை ஒரு கணம் பின்தங்கி வந்து சேர்ந்தது.

அப்போதுதான் என் மனைவி செல்வமணி ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் முழங்கால் தேயும்வரை கொழுந்தெடுத்தவள். கொழுந்துச் சாக்கின் கயிறு உச்சந்தலையில் இருக்கும். பாரம் முதுகில் தொங்கும். அந்தப் பெண்கள் கழுத்தைத் திருப்புவதில்லை. எதையாவது பார்க்கவேண்டுமென்றால் உடம்போடு சேர்ந்து திரும்புவார்கள்.

"தலையில கயிறு இருக்குன்னு நெனைச்சிக்கிட்டு நடங்க," என்றாள். "கழுத்த ஆட்டாதீங்க. காலுக்கு முன்னால மட்டும் பாருங்க."

அப்படியே நடந்தேன். விழவில்லை. வீட்டிலிருந்து ரோடு வரைக்கும் போய்வர முடிந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். வேலையில்லாத பெண்கள் சிலர் படியில் உட்கார்ந்து, என் தோள் சாய்கிறது, கயிறு நழுவுகிறது என்று திருத்தமும் சொன்னார்கள். மாத்திரையையும் நான் நிறுத்தவில்லை. வாரங்கள் போயின. சமதரையில் நான் நல்லபடியாக நடந்தேன். மலையில் ஏறத் தொடங்கினால் மட்டும் பாதியிலேயே திரும்பிவிடுவேன்.

ஒருநாள் தோட்டத்து மேலாளரான தொரை கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனிதர், கடிந்து பேசவில்லை. "கணக்கப்பிள்ளை, வருஷ முடிவு வரைக்கும் பாப்பம். அப்பவும் ஏற முடியலன்னா நீங்க மடுவத்திலயே இருந்துக்கங்க," என்றார். மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. நிழல், நாற்காலி, தராசு எல்லாம் உண்டு. சம்பளமும் குறையாது. பலர் அதைக் கேட்டு வாங்குவார்கள்.

எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. இருபது வயதில் அந்த மலைகளில் ஏறத் தொடங்கியவன் நான். அப்போதெல்லாம் எனக்கு உடம்பு என்று தனியாக ஒன்று இருந்ததாகவே நினைவில்லை. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து வேலை பிரித்ததும் கால்கள் தாமாக ஏறும். மழையில் கான் என்னும் வடிகால்களைத் தாண்டுவேன், அட்டையைப் பிடுங்கி எறிந்துகொண்டே மேலே நிற்கிறவளோடு பேசுவேன், பேசிக்கொண்டே கீழே இறங்குவேன். எந்தக் கல் ஆடும், எந்தக் கல் ஆடாது என்று பாதத்துக்குத் தெரியும். அந்த நடையை மறுபடி ஒருமுறை நடக்கவேண்டும் என்பது மட்டுமே அந்த மாதங்களில் என் ஆசையாக இருந்தது.

உத்தியோகத்தர்களுக்குக் கம்பெனியில் காப்புறுதி உண்டு. அவர்கள் தந்த பட்டியலில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் பிசியோதெரபிக்குப் போனேன் (உடலியக்கப் பயிற்சியால் செய்யும் சிகிச்சை). அந்தக் காப்புறுதியில் கழுத்துக்கு ஒரு வகை இருந்தது, முதுகுக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று. சமநிலைக்கு எதுவும் இல்லை. எனவே என்னைக் கழுத்து நோயாளி என்று பதிந்தார்கள். செல்வமணியின் பயிற்சியில் என் கழுத்து மரக்கட்டையாகியிருந்ததால் அதுவும் பொருந்திப்போயிற்று. சூட்டு ஒத்தடம் வைத்தார்கள். இதமாக இருந்தது. எழுந்து நின்றதும் தரை மறுபடியும் படகு.

அங்கே சிகிச்சை தந்த இளைஞர் நேர்மையானவர். வெளியே வரிசை நீண்டிருந்தது. குரலைத் தாழ்த்தி, "ஐயா, இது கழுத்து இல்ல. இதுக்குன்னே படிச்ச மிஸ் ஒருத்தர் குருவிட்டையில இருக்கார். எங்க லிஸ்ட்ல இல்ல. அதப் பாக்காதீங்க, போங்க," என்றார்.

அந்த மிஸ்ஸின் பெயர் நிரோஷா. வீட்டோடு ஒட்டிய ஒரே அறை. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. சுவரில் ஒரு தாளில் ஒற்றை எழுத்து மட்டும் ஒட்டியிருந்தது. அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. முற்றத்தில் நடக்கச் சொல்லி, மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். சிங்களமும் தமிழும் கலந்துதான் பேசினார்.

"ஐயா தலையில என்ன கொண்டு போறது?"

"ஒண்ணும் இல்லீங்களே மிஸ்."

"இல்ல, என்னமோ இருக்கு. நல்ல பாரம்."

செல்வமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான்தாங்க மிஸ் ஏத்திவிட்டேன்," என்று கயிற்றுக் கதையைச் சொன்னாள். நிரோஷா மிஸ்ஸும் சிரித்தார். பிறகு செல்வமணியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக விளக்கினார். ஒரு பக்கத்து நரம்பு தரும் செய்தி குறைந்துவிட்டது. மீதமுள்ளதை வைத்துக்கொண்டு நடப்பதை மூளை புதிதாகப் பழகவேண்டும். தலை திரும்பினால்தான் அது பழகும். சுற்றினால்தான் சுற்றலைத் திருத்தும். கழுத்தைப் பூட்டிவிட்டால் அதற்குப் பாடமே கிடையாது. நாளாகத் தொடரும் மாத்திரையும் அதைத் தூங்கவைக்கிறது. டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள் என்றார். கேட்டோம், டாக்டரும் அதையே சொன்னார்.

அன்று தந்த பயிற்சி எளியது. சுவரிலிருக்கும் எழுத்தைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் ஆட்டவேண்டும், எழுத்து கலங்காமல் பார்க்கவேண்டும். எளியது என்று எழுதிவிட்டேன். முதல் தடவை முடிந்ததும் முற்றத்து வாழையடியில் போய் வாந்தி எடுத்தேன்.

இரண்டாம் முறை போனபோது, மனதில் இருந்ததைக் கேட்டேன். "நீங்க ஏங்க மிஸ் லிஸ்ட்ல இல்ல? இருந்தா எங்கள மாதிரி ஆளுங்களுக்கு லேசா இருக்குமே."

அவருக்கு இது பழகிய கேள்வி போலும். "இருந்தேன் ஐயா. விட்டுட்டேன்," என்றார்.

அவர் சொன்னதை என் தமிழில் சுருக்குகிறேன். பட்டியலில் இருந்தால் எந்த நோயாக இருந்தாலும் ஒரு தடவைக்கு ஒரே கட்டணம். முழங்காலுக்குச் சூடு வைத்தாலும், தடுமாறுகிறவரோடு ஒரு மணி நேரம் நடந்தாலும் ஒன்றுதான். அந்தக் கட்டணத்தில் இடம் நடத்தவேண்டுமானால் ஒருவருக்கான நேரத்தில் மூன்று பேரைப் பார்க்கவேண்டும். தொடர்ந்து பார்க்க ஒவ்வொரு கட்டத்திலும் அனுமதி வேண்டும். அதைத் தருகிறவர் நோயாளியைப் பார்த்ததே இல்லை. சமதரையில் விழாமல் நடந்தால் குணமாகிவிட்டது என்று எழுதி முடிக்கச் சொல்வார்கள்.

"ஐயா சமதரையில இருந்தா நான் முடிஞ்சுது எழுதலாம்," என்றார். "ஐயா மலையில தானே?"

"அப்ப, காசு இருக்கிறவங்களுக்கு மட்டுந்தானா மிஸ் இது?" என்று செல்வமணி கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சங்கடப்பட்டாள்.

நிரோஷா மிஸ் மழுப்பவில்லை. "அதுதான் எனக்கும் கவலை அக்கா. உள்ள இருந்தா நெறைய பேர அரைகுறையா பாக்கணும். வெளிய இருந்தா கொஞ்ச பேர சரியா பாக்கலாம். ரெண்டுமே சரியில்ல. நான் ஒண்ணு எடுத்தேன்."

பிறகு, செலவு குறைய ஒரு வழி சொன்னார். அடிக்கடி வரவேண்டாம். இடையில் செல்வமணியே சிகிச்சை செய்யவேண்டும், அதை அவர் கற்றுத்தருவார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவரே தோட்டத்துக்கு வருவார், ஏனென்றால் என் நோய் இருக்கும் இடம் அதுதான். ரசீதைக் கம்பெனிக்கு அனுப்பிப் பாருங்கள் என்றும் சொன்னார். அனுப்பினேன், பட்டியலில் இல்லை என்று திரும்பி வந்தது. கொழும்பில் வேலைசெய்யும் எங்கள் மகள் செலவைப் பார்த்துக்கொண்டாள். நீங்கள் போவதற்கு முன்பே உங்கள் காப்புறுதியில் கேட்டுவிடுங்கள். சிலர் ஒரு பகுதியாவது தருகிறார்கள் என்று கேள்வி.

அந்தச் சனிக்கிழமைகளை இன்று நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. நோயில் இருந்த காலத்துக்கு ஏங்குவது விசித்திரம்தான், ஆனாலும் உண்மை. நிரோஷா மிஸ் கஹவத்தையில் பஸ் இறங்கி, த்ரீவீல் ஆட்டோவில் மேலே வருவார். செல்வமணி ரொட்டியும் கட்டசம்பலும் செய்து வைத்திருப்பாள். பிறகு மூவரும் நடப்போம். எனக்கு இரு பக்கத்திலும், பின்னாலும் மாறி மாறி நடந்து அவர்கள் பேசவேண்டும். நான் நடையை நிறுத்தாமல், பேசுகிறவர் முகத்தைத் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும். இதுதான் சிகிச்சை.

"என்ன பேசறதுங்க மிஸ்?" என்று செல்வமணி முதல் நாள் கேட்டாள்.

"எதுவும் பேசலாம். சண்டையும் பரவாயில்ல. ஐயா பார்த்துப் பதில் சொல்லணும், அவ்வளவுதான்."

அதன் பிறகு அவளுக்குப் பஞ்சமே இல்லை. கல்யாணமான புதிதில் நான் பேசாமல் விட்டவை எல்லாம் அந்தச் சரிவில் வெளியே வந்தன. "அன்னிக்கு எங்கண்ணன் வந்தப்ப ஏன் எந்திரிச்சுப் போனீங்க? இல்ல, தரையப் பாக்காதீங்க, என்னையப் பாத்துச் சொல்லுங்க." அவள் முகம் முதலில் துள்ளிக்கொண்டே தெரிந்தது. பிறகு கலங்கித் தெரிந்தது. பிறகு ஒருநாள் தெளிவாகத் தெரிந்தது; காதோரம் நரைத்திருந்தது. எத்தனையோ காலம் அருகருகே நடந்தும் அவள் முகத்தை நான் அவ்வளவு பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடித்துவந்த காளியம்மா எங்களை நிறுத்தினாள். சாக்குக் கயிற்றால் அவளுக்குக் கழுத்து வலி. "ஐயாவுக்கு உள் லிஸ்ட் இருக்கு, வெளி லிஸ்ட்டும் இருக்கு. எங்களுக்கு எந்த லிஸ்ட்டுங்க மிஸ்?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.  நிரோஷா மிஸ் அவளை ஒரு கல்லில் உட்காரவைத்துக் கழுத்தையும் தோளையும் பார்த்து, இரண்டு பயிற்சி காட்டிக்கொடுத்தார். அன்று எனக்கான நேரம் குறைந்தது.  

வருஷ முடிவுக்குச் சற்று முன்பு தொரை என்னோடு ஒன்பதாம் நம்பர் மலைக்கு வந்தார். நான் முன்னால், அவர் பின்னால். பாதி உயரத்தில், அந்தச் செடிகளுக்குக் கடைசியாகக் கவ்வாத்து எப்போது வெட்டினோம் என்று கேட்டார். நான் நடையை நிறுத்தாமல் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னேன். மலை லேசாக அசைந்து, நின்றது.  கீழே வந்ததும் தொரை, "திங்கக்கிழம பெரட்டுக்கு வாங்க," என்றார்.

குணமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். இருபது வயதின் நடை திரும்பவில்லை. இனி அது வராது. இப்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பு இருக்கிறது என்று தெரிகிறது. களைத்தால், சளி பிடித்தால், தரை கொஞ்சம் படகாகும். சில மணி நேரத்தில் கரை சேரும் என்பதும் தெரிகிறது.

பனிமூட்டம்தான் இன்னும் சிரமம். மூட்டம் இறங்கினால் கண் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் போகிறது. எது மேல், எது சாய்வு என்று மூளைக்கு ஐயம் வந்துவிடுகிறது. முன்பெல்லாம் மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போவேன், கொழுந்து தாமதமாகிறதே என்று கத்துவேன். இப்போது இருந்த இடத்தில் நிற்கிறேன்.

போன வாரமும் அப்படி நின்றேன். கைக்கெட்டும் செடிகூட மங்கிவிட்டது. பெண்கள் எங்கோ மேலே இருந்தார்கள். கொழுந்து கிள்ளும் சத்தம் மட்டும் வந்தது.

"ஐயா, வாறீங்களா, நிக்கிறீங்களா?" என்று காளியம்மாவின் குரல் கேட்டது.

"நிக்கிறேன்."

"நில்லுங்க நில்லுங்க. அவசரமில்ல. நாங்க பேசிக்கிட்டே இருக்கோம்."

அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். யார் வீட்டிலோ பெண் பார்க்க வந்த கதை. நான் கண்ணை மூடி, குரல் வரும் பக்கம் முகத்தைத் திருப்பி, பாதங்களைத் தளர்த்தி நின்றேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.