குட்டிக்கு நான் போட்ட வட்டம்

எனக்கு மன்னிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் இவள் மனம் திருந்துவாள் என்று காத்திருந்து யாரும் ஏமாற வேண்டாம்.

நாங்கள் புங்குடுதீவில், இறுப்பிட்டியில், சுண்ணாம்பு சுடுகிற குடும்பம். மற்ற ஊர்களில் சூளைக்கு விறகு தேடி அலைவார்கள். எங்கள் தீவுகளில் பறநாகம் இருந்தது. செட்டை என்கிற சிறகை மடக்கிக்கொண்டு நின்றால் இரண்டு மாட்டளவு இருக்கும். நாலு மூச்சு நெருப்பில் ஒரு சூளைக் கல்லை வெளுக்க வைத்துவிடும். வேலை முடிந்ததும் சுண்ணாம்புத் தூளால் தரையில் ஒரு வட்டம் போட்டு, தகர வாளியைத் தட்டுவோம். அது வந்து வட்டத்துக்குள் படுத்து, தலையை மண்ணில் வைத்து, வாயைத் திறக்கும். கருவாட்டைக் கையாலேயே ஊட்டுவோம். வட்டத்துக்குள் அது நெருப்பு விடாது, செட்டை விரிக்காது, வளர்த்தவர்கள் சொல்லாமல் எழும்பாது. பதிலுக்கு நாங்களும் வட்டத்துக்குள் அதன் மேல் கை ஓங்கக் கூடாது. ஒருமுறை விளையாட்டாகச் சிறு கல் எறிந்ததற்கு என் அண்ணை ஒருநாள் முழுக்கப் பட்டினி கிடந்தான். அப்பா அந்த விஷயத்தில் ஈவிரக்கம் பார்க்கமாட்டார்.

அப்பா பிறகு தெற்கே ஒரு பட்டினத்தில் பேக்கரி போட்டார். பாண் சுடுகிற அடுப்பான போறணைக்கு நெருப்பு வைக்க ஊரிலிருந்து ஒரு பறநாக முட்டையைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனோம். மாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பொரிக்க வைத்தது நானும் அண்ணையும்தான். பெயர் வைக்கச் சோம்பல்பட்டுக் குட்டி என்றே கூப்பிட்டோம். நாலே வருடத்தில் கூரையை இடிக்கிற அளவுக்கு வளர்ந்த பிறகும் அது குட்டிதான். பாண் வேகும்வரை என் மடியில் தலையை வைத்துக்கொண்டு கிடக்கும். மடி மரத்துப்போகும்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதம், அந்தத் தெருவில் எங்கள் ஆட்களின் கடைகளை ஒவ்வொன்றாகக் கொளுத்திக்கொண்டு ஒரு கும்பல் வந்தது. பின் மதிலால் ஏறிக் குதித்துப் போக வேண்டியிருந்தது. குட்டியைக் கூட்டிப்போக வழியில்லை. அப்பா என்னிடம், "அதைத் துரத்திவிடு, எங்கையாவது பறந்து போகட்டும்" என்றார்.

எனக்கு வயது பதினைந்து. துரத்தினால் எங்கே போகும், யார் சுடுவார்கள் என்று பயந்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்துவிடுவோம் என்றும் நம்பினேன். அதனால் அப்பா சொன்னதைச் செய்யாமல், மூலையிலிருந்த சுண்ணாம்பை எடுத்துக் குட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். வட்டத்துக்குள் இருப்பதை யாரும் தொடமாட்டார்கள் என்று எண்ணினேன். தீவில் பிறந்தவளுக்குத்தான் அப்படியொரு மடத்தனம் வரும். அந்தப் பட்டினத்தில் வட்டத்தைப் பற்றி யாருக்குத் தெரியும்?

நாங்கள் அகதிக் கப்பலில் ஊர் திரும்பிய பிறகு, அடுத்த கப்பலில் வந்த ஒரு பக்கத்துக் கடைக்காரர் மிச்சத்தைச் சொன்னார். கடை எரிந்தபோது கூரைத் தகரம் விழுந்து குட்டியின் இடது செட்டை கிழிந்ததாம். அந்தக் கும்பலை ஒரே மூச்சில் சாம்பலாக்கியிருக்கக்கூடிய மிருகம், தலையை நிலத்தில் வைத்தபடி அசையாமல் கிடந்ததாம். பிறகு சீருடைக்காரர் வந்து வலை போட்டுக் கொண்டுபோனார்களாம். அப்பா ஊருக்கு வந்த அடுத்த வருடமே செத்துப்போனார்.

சண்டை பெரிதானபோது தீவுகளில் இருந்த பறநாகங்களை இரண்டு பக்கத்தாரும் பிடித்துக்கொண்டு போனார்கள். அண்ணை விறகைப் போட்டுச் சூளையை நடத்தினான். தொண்ணூறாம் ஆண்டு, நெடுந்தீவுக்குக் கல் ஏற்றப்போன வள்ளத்தை நடுக்கடலில் ஒரு பறநாகம் எரித்தது. அண்ணையின் உடம்பு கரைக்கு வந்தது. முகம் இல்லை.

கடலில் குதித்துத் தப்பிய வள்ளக்காரர் எங்கள் முற்றத்தில் நின்று அழுதார்.

"பிள்ளை, நான் குதியுங்கோ எண்டு கத்தினனான். உன்ர அண்ணை கேக்கேல்லை. எழும்பி நிண்டு கையைக் காட்டினவன். 'பயப்பிடாதேங்கோ, அது எங்கட குட்டி' எண்டவன். மேல இருந்தவன் கடிவாளத்தை இழுத்தான். அவ்வளவுதான்."

"இடது செட்டை கிழிஞ்சிருந்ததோ?"

"ஓம் பிள்ளை. உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் போன பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா துரத்தச் சொன்னதையும், நான் வட்டம் போட்டதையும். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன்ர பிழை எண்டு நான் சொல்லேல்லை" என்றார். "ஆனா என்ர பிள்ளையைக் கொண்டுபோனவன் வானத்தில திரியிறான். அவனை நிலத்துக்கு இறக்க உன்னாலதான் ஏலும்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அந்த முகம் தெரியாத சவாரிக்காரனை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குட்டியையும் விடக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். குட்டி உயிரோடிருக்கிறவரை அவன் மறுபடி ஏறிப் பறப்பான். சூளையில் கல் புரட்டுகிற இரும்பு அலவாங்கை எடுத்து, நுனியைப் பளபளக்கத் தீட்டினேன்.

கடற்கரைக்குப் பக்கத்து வெளியில் பெரிதாக வட்டம் போட்டேன். காற்று அள்ளிக்கொண்டு போகும், மறுபடி போடுவேன். கை வெந்து தோல் உரிந்தது. பதினொரு நாள் குட்டி வேறு தீவுகளுக்குப் போனது. அண்ணையின் சாவோடு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள், நல்ல மத்தியான வெயிலில், அது என் தலைக்கு மேல் வந்தது. நான் வாளியைத் தட்டினேன். ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி தட்டினேன். சவாரிக்காரன் கடிவாளத்தை இழுக்க இழுக்க, அது அவனை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே கீழே இறங்கியது. அவன் கையிலிருந்த துவக்கு, சுடமுதலே நழுவி எங்கேயோ விழுந்தது.

குட்டி வட்டத்துக்குள் படுத்தது. ஏழு வருடத்துக்குப் பிறகும் மறக்கவில்லை. தலையை என் காலடியில் மண்ணில் வைத்து, கண்ணை மூடி, வாயைத் திறந்தது.

சவாரிக்காரன் வாரை அறுத்துக்கொண்டு மறுபக்கம் குதித்தான். என் வயதுதான் இருக்கும். உடனே ஓடியிருக்கலாம், ஓடவில்லை. குட்டியின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு கத்தினான். தெற்கில் வளர்ந்தவள் என்பதால் அவன் பேச்சு எனக்கு விளங்கியது. "எழும்பு மகனே, எழும்பு" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது.

என்னால் பொறுக்க முடியாமல் போனது அந்த 'மகனே'தான். என் மடியில் வளர்ந்ததை அவன் மகன் என்கிறான். என் அண்ணையை எரிக்க வைத்துவிட்டு மகன் என்கிறான். அலவாங்கை இறுகப் பிடித்தேன். அவனுக்கும் எனக்கும் நடுவில் குட்டியின் உடம்பு முழுவதும் கிடந்தது. நான் சுற்றிப் போவதற்குள் அவன் ஓடிவிடுவான். குட்டியின் தலை எட்டுகிற தூரத்தில் இருந்தது. யோசிக்காமல் செய்தேன் என்றால் பொய். யோசித்தேன். திறந்த வாய்க்குள், மேலண்ணத்தில், என் முழுப் பாரத்தையும் போட்டு அலவாங்கைப் பாய்ச்சினேன்.

அது நெருப்பு விடவில்லை. செட்டையை விரிக்கவும் இல்லை. நான் சொன்னால்தான் எழும்பலாம் என்று கிடந்தது போல, ஒருமுறை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு அடங்கியது. அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கடலுக்குள் இறங்கி நீந்தினான். தூரத்தில் நின்ற படகொன்று வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

அம்மா வெளியைத் தாண்டி மூச்சு வாங்க வந்தார்.

"முடிஞ்சுதோ?"

"ஓம்."

"அவன்?"

"தப்பிட்டான்."

அம்மா வட்டத்துக்குள் போய்க் குட்டியின் பக்கத்தில் குந்தினார். அதன் கண்ணை மூடிவிட்டார். எழும்பாமலே கேட்டார்.

"அப்ப நீ ஆரையடி பழிவாங்கினனி?"

அம்மா அதற்குப் பிறகு என்னிடம் அண்ணையைப் பற்றிப் பேசியதில்லை. அந்தச் சவாரிக்காரன்மேல் எனக்கிருக்கும் ஆத்திரம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஒரு சொட்டும் குறையவில்லை. அவனும் என் முகத்தை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டு போனான். எங்கேயோ உயிரோடிருந்து என்னைத் தேடுவான். அவன் இடத்தில் நான் இருந்தால் தேடுவேன்.