கயிற்றில் தொங்கிய சமநிலை

நீஸெகி யசுஹிகோ ஒசாகாவில் பிறந்து யமகதாவுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். மனைவி தோமொயெயின் குடும்பப் பெயரை வாங்கிக்கொண்டு, தன்னுடையதைப் பிறந்த ஊரிலேயே விட்டுவிட்டார். சத்துணவுக் கல்லூரியில் முதலாண்டுப் பெண்களுக்கு உயிர்வேதியியல் நடத்துகிறார். உயிரணு ஒரு கணமும் ஓயாது என்று கரும்பலகை அதிர முழங்குவார். மின்தூக்கி பழுதானால் மட்டும் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுவார்.

"நொதின்னா கல்யாணத் தரகர் மாதிரி. ஆகக்கூடிய கல்யாணத்தைச் சீக்கிரம் முடிச்சு வைப்பார். ஆகாத கல்யாணத்தை அவர் அப்பனே வந்தாலும் நடத்த முடியாது."

"உங்க கல்யாணம் எப்படி சார்?"

"தரகர்தான். தன்னால நடக்கட்டும்னு விட்டிருந்தா இன்னும் ஒரு யுகம் ஆயிருக்கும்."

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. அவர் குடிவந்த ஆற்றங்கரைத் தெருவில் எல்லோரும் அவரை அளவுக்கு மீறி மதித்தார்கள். வாய்க்கால் தூர்வார இறங்கினால், "சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கையில் தேநீரைத் திணிப்பார்கள். திருவிழாவில் பந்தல் கட்டப் போனால் விருந்தாளிகளுக்கு விரித்த பாயைக் காட்டுவார்கள். அந்தத் தெருவில் பிறந்தவனுக்கு வேலையும் வசவும்; வந்தவனுக்குத் தேநீர். குனிந்து வணங்கினால் பதிலுக்கு அதே அளவு குனிந்து வணங்கினார்கள். போவதும் வருவதும் சமம், மிச்சம் ஒன்றுமில்லை. சமநிலைக்கு வந்துவிட்ட உயிரணு செத்த உயிரணு என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அவருக்குத் தன் தெரு ஞாபகம் வந்துவிடும்.

இலையுதிர் காலத்தில் தெருக்களுக்கிடையே விளையாட்டு விழா. வடம் இழுக்கும் போட்டியில் கோயில் தெருவிடம் தோற்பதை ஆற்றங்கரைத் தெரு ஒரு நேர்த்திக்கடன் போலச் செய்துவந்தது. அந்த வருடம் வடத்துக்குத் தலைமை தாங்குபவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தெருத் தலைவர் யசுஹிகோவின் மாமனார் கிச்சிசோதான். சோயாவில் செய்யும் தோஃபுக் கட்டிகளுக்குக் கடை வைத்திருப்பவர். அவரிடம் போய் நின்றார் மாப்பிள்ளை.

"மாமா, இந்தத் தடவை நான் சொல்றபடி இழுங்க."

"நீயா? சோயா மூட்டையத் தூக்கச் சொன்னா அது எத்தனை கிலோன்னு யோசிக்கற ஆளாச்சே நீ!"

"தோத்தா இனிமே எந்த வேலையும் கேக்க மாட்டேன். காலம் பூரா விருந்தாளிப் பாயிலயே உக்காந்துக்கறேன்."

கிச்சிசோ யோசித்தார். "அப்படின்னா தோத்தாலும் எங்களுக்கு லாபம்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

மைதானத்தில் தெருவே கூடி நிற்க, யசுஹிகோ பாடம் எடுத்தார். "வடம் நகரலைன்னாலும் இழுக்கற தசைக்குள்ள எரியறது எரிஞ்சுகிட்டேதான் இருக்கும். உடனடிச் செலவுக்கு அது வெச்சிருக்கற சரக்கு கண்மூடித் திறக்கறதுக்குள்ள தீர்ந்துடும். அதனால நாம இழுக்க வேண்டாம். பின்னால சாஞ்சு தொங்குவோம். பாரத்தை எலும்பு தாங்கட்டும், எலும்புக்குச் சம்பளம் கிடையாது. அவங்க மூச்சு வாங்கறப்ப நான் கத்தறேன். அப்ப இழுங்க."

"அதாவது சோம்பேறித்தனம்" என்றார் காய்கறிக் கடை ஹொன்மா அம்மாள்.

"அறிவியல்படி சோம்பேறித்தனம்."

"அப்ப எங்க வீட்டுக்காரரை முன்னால நிறுத்துங்க. பிறவி விஞ்ஞானி."

முதல் சுற்றில் கோயில் தெரு உயிரைக் கொடுத்து இழுத்தது. ஆற்றங்கரைத் தெரு ஈரத்துணி போலத் தொங்கியது. எதிரணி முகங்கள் சிவந்து வெளுத்தபோது யசுஹிகோ கத்தினார். வடம் வந்துவிட்டது. தங்கள் வெற்றியில் தாங்களே மிரண்டுபோன ஆற்றங்கரைக்காரர்கள் இரண்டாம் சுற்றில் உற்சாகம் தாங்காமல் எடுத்த எடுப்பிலேயே இழுத்து, பழைய வழக்கப்படி தோற்றார்கள்.

மூன்றாம் சுற்றுக்கு நடுவர் கொடியை இறக்கினார். எதுவும் நடக்கவில்லை.

கோயில் தெருக்காரர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களும் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தெருக்கள், ஒரு வடம், ஒருவரும் இழுக்கவில்லை. ஒரு செந்தும்பி வந்து வடத்தின் நடுவில் உட்கார்ந்து சிறகைச் சரிசெய்துகொண்டது.

யசுஹிகோவுக்கு அது கண் கொள்ளாக் காட்சியாக இருந்தது. "முழுச் சமநிலை" என்று முணுமுணுத்தார்.

"அப்படின்னா?" என்றார் பின்னால் தொங்கிய மாமனார்.

"அப்படின்னா உயிர் போயிடுச்சுன்னு அர்த்தம், மாமா."

"யாருக்கு?"

"நம்ம எல்லாருக்கும்தான்."

கிச்சிசோ தலையைத் தூக்கினார். எதிர்ப்பக்கக் கடைக்கோடியில் வடத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு கோயில் பிக்கு கைஷுன் மலைபோல் சாய்ந்திருந்தார். ஊரில் யார் செத்தாலும் மந்திரம் ஓத அவர்தான் வரவேண்டும்.

"சாமி! ரெண்டு தெருவும் ஒரேயடியா போய்ச் சேர்ந்துடுச்சாம், எங்க மாப்பிள்ளை சொல்றாரு! மொத்தமா ஓதினா தள்ளுபடி உண்டா?"

பிக்கு பல்லைக் கடித்தார். புத்தரை நினைத்தார். "வடத்த விட்டாத்தானய்யா ஓத முடியும்!" என்று சொல்லத் தொடங்கியவருக்குப் பாதியில் சிரிப்பு பீறிட்டது. பெரிய தொப்பை குலுங்க, வடம் குலுங்கியது. தும்பி பறந்தது.

"இப்ப!" என்று அலறினார் யசுஹிகோ.

வெளியிலிருந்து ஆற்றல் வந்து சேர்ந்தால்தான் சமநிலை குலையும் என்பது அவர் வருடாவருடம் சொல்லும் பாடம். அது பிக்குவின் தொப்பை வழியாக வரும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. கோயில் தெரு மொத்தமும் சிரித்துக்கொண்டே புழுதியில் இழுபட்டு வந்தது.

பிற்பகலில் ஆற்று மணலில் அடுப்பு மூட்டி, பெரிய சட்டியில் சேப்பங்கிழங்கும் மாட்டிறைச்சியும் கொதித்தன. யசுஹிகோ பழக்கதோஷத்தில் விருந்தாளிப் பாயைத் தேடிப் போய் உட்கார்ந்தார்.

"யோவ் மாப்பிள்ளை!" ஹொன்மா அம்மாளின் குரல் அக்கரைவரை கேட்டிருக்கும். "ஜெயிச்சாச்சுன்னா சட்டி தானா நடந்து வருமா? வந்து இந்தக் காதைப் பிடி! அய்யய்யோ, சாயுது பாரு, குழம்பெல்லாம் மண்ணுக்குப் போகுது! கல்லூரியில என்னத்தச் சொல்லிக் குடுக்கறே, ஒரு சட்டியை நேராப் பிடிக்கத் தெரியல!"

யசுஹிகோ விரலைச் சுட்டுக்கொண்டு, மூக்கில் கரியோடு, வாயெல்லாம் பல்லாகச் சட்டியைச் சுமந்துவந்தார்.

"என்ன இப்படி இளிக்கறீங்க?" என்றாள் தோமொயெ.

"என்னைத் திட்டறாங்க, தோமொயெ!"

"வீட்டுல நான் தினமும்தான் திட்டறேன். அப்பல்லாம் இந்தச் சிரிப்பு எங்க போச்சு?"