நாற்பது நாள் கடை

பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பை நிறுத்திவிட்டு அந்த நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்தபோது டிராயிங் டீச்சருக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருஷம் ஊரார் பிள்ளைகளின் கோணல் கோடுகளைத் திருத்திய கை, வீட்டில் சும்மா இருக்க மறுத்தது. கடைத்தெருவில் மூடிக்கிடந்த கடைகளின் படிகளில் யார் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை வரைய ஆரம்பித்தார்.

அந்தத் தெருவில் பாதிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கியிருந்தது. பூட்டிக் கிடப்பதற்குப் பதில் படம் வரைகிறவர்களுக்கு நாற்பது நாள் விட்டால் ஆள் நடமாட்டமாவது வரும் என்று வியாபாரிகள் சங்கம் யோசித்தது. டீச்சருக்குக் கிடைத்தது ஒரு பழைய செருப்புக் கடை.

“இந்த வயசுல உனக்குக் கடை கேக்குதா?” என்று கேட்டுக்கொண்டே கணவர் ஏணியைப் பிடித்தார்.

மூன்று நாள் தேய்த்துக் கழுவியும் பசை வாடை போகவில்லை. முழங்கால் உயரத்தில் பதித்திருந்த கண்ணாடியைப் பெயர்க்க முடியாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். பத்தொன்பது படங்கள் சுவரேறின.

முதல் வாரம் வந்தவர்கள் செருப்புக்குத்தான் வந்தார்கள்.

“எட்டாம் நம்பர் இருக்கா?”

“இது படக் கண்காட்சிங்க.”

“அப்ப செருப்பு?”

இரண்டாம் வாரம் ஒரு பத்திரிகையில் நாலு வரி வந்தது. கல்லூரிப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். எதிர் டீக்கடையில் இன்னொரு பெஞ்சு போட்டார்கள். காலையில் தலை வாரும்போது டீச்சர் ஏதோ முணுமுணுத்துப் பாடுவதைக் கணவர் கவனித்தார், கேலி செய்யவில்லை.

தினமும் பதினோரு மணிக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் வந்து மூலையில் நிற்பார். கையில் சின்ன நோட்டு. ஒரு மணி வரை வாய் திறக்க மாட்டார்.

“எனக்கும் ஒரு ரசிகர் கிடைச்சிட்டார் பாருங்க” என்றார் டீச்சர் வீட்டில்.

இருபத்தோராம் நாள் அவருக்கு நாற்காலி போட்டுக் கேட்டார். “தினமும் வர்றீங்க. எந்தப் படம் மனசுல நின்னுச்சு?”

அவர் நெளிந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நான் ஒரு மருந்துக் கடைக் கம்பெனிக்கு இடம் பாக்குற ஆளு. எத்தனை பேர் வர்றாங்கன்னு எண்ணிட்டிருந்தேன்.” பிறகு மனசு கேட்காமல் சுவரை நிமிர்ந்து பார்த்தார். “படமும் நல்லாத்தான் இருக்கு.”

இரண்டு நாளில் சங்கச் செயலாளர் வாயெல்லாம் பல்லாக வந்தார். “டீச்சர், உங்க கைராசி! கடைக்கு ஆள் வந்தாச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒழிச்சுக் குடுத்துடுங்க.”

“இன்னும் பதினேழு நாள் இருக்கே?”

“வாடகைக்கு ஆள் வந்தா விட்டுடணும்னு நீங்க போட்ட கையெழுத்துலயே இருக்கே டீச்சர்.”

“வேற கடை?”

“இருக்கு. மழை வந்தா ஒழுகும். படமெல்லாம் வீணாப் போயிடும்.”

எல்லாம் நியாயம். யாரையும் திட்ட வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை படங்களைக் கழற்றும்போது, அந்தக் கடைப் படியிலேயே வருஷக்கணக்காக ஊக்கும் சீப்பும் விற்கும் பெண் முதல்முறையாக உள்ளே வந்தாள். தன் படத்துக்கு முன்னால் நின்றாள்.

“இது நானா? முதுகு இவ்ளோவா வளைஞ்சுபோச்சு?”

“எடுத்துட்டுப் போங்க அக்கா. உங்களுக்குத்தான்.”

“எங்க கொண்டுபோய் மாட்டுறது?” அவள் சிரித்தாள். “அது கிடக்கட்டும் டீச்சர். வர்றவங்க என்னைப் படியில உக்கார விடுவாங்களா?”

“தெரியலக்கா” என்றார் டீச்சர். தெரியும்.

படங்கள் கட்டிலுக்கடியில் போயின. மருந்துக் கடைக்காரர்கள் படியை இடித்துச் சாய்வுப் பாதை போட்டார்கள். ஊக்கு விற்றவளை அந்தத் தெருவில் யாரும் பிறகு பார்க்கவில்லை. டீச்சர் இரண்டு முறை போய்த் தேடிப் பார்த்தார்.

அடுத்த வருஷம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு கடை, அதே நாற்பது நாள். கணவர் சத்தமாகப் படித்துவிட்டு, “என்ன, போறியா?” என்று கேட்டார்.

டீச்சர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார். “அந்தக் கடைப் படியில யாரு உக்காந்திருக்காங்க?”

கடிதம் சாப்பாட்டு மேஜையில் பல நாள் கிடந்தது. கடைசித் தேதி எப்போது போனது என்று இருவருமே கவனிக்கவில்லை.