எங்கள் வீட்டில் மட்டும் பெய்த மழை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், கருமத்தம்பட்டித் தெருக்காரர்களுக்கும், தங்கையோடு மழையைப் பற்றிப் பேசிப் பழகிய நண்பர்களுக்கும் அக்காளின் வணக்கம். தங்கை போய் ஒரு வருடம் நிறைந்துவிட்டது. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக்கூட்டி எழுதியதை என் மகன் பிழை திருத்தினான். திருத்தினானா, மாற்றினானா என்று தெரிய வேண்டாமா? மருமகளை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். தங்கையை மலரில் "அவர்" என்றுதான் போட வேண்டும் என்றான் மகன். தூக்கி வளர்த்தவளுக்கு அது வாயில் வராது. அவள் என்றே எழுதியிருக்கிறேன்.

தங்கை பிறந்தது இதே வீட்டில்தான். அப்பா மில்லில் வேலை பார்த்தார். அவளுக்கு நாலு வயதாகும்போது அம்மா போய்விட்டார்கள். எனக்குப் பதினொன்று. அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். அதன் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட நேரம் இல்லை. அவளுக்குத் தலை பின்னி, தூக்குப் போசியில் பழைய சோறு ஊற்றிக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினேன். நன்றாகப் படித்தாள். தபால் ஆபீசில் வேலை கிடைத்தது. இந்தத் தெருவில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவள்தான். வளர்த்தவள் நான் என்பதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

பல்லடத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை தறி வைத்திருந்தார், நல்ல மனிதர். குழந்தை இல்லை. அவர் நெஞ்சுவலியில் போன பிறகு தங்கை தனியாகவே இருந்து வேலையை முடித்து, ஓய்வு பெற்ற கையோடு இங்கே வந்துவிட்டாள். அப்பா இந்த வீட்டையும் வாசலையும் எங்கள் இருவர் பேரிலும் எழுதிவைத்திருந்தார். வடபுறத்து அறையில் அவள் இருந்தாள். தென்புறத்தில் நானும் மகனும் மருமகளும். முன்னால் இருக்கிற திறந்த வாசல் பொது.

வந்த அடுத்த வருடமே வானிலைப் படிப்பு என்று ஒன்றில் சேர்ந்தாள். வீட்டிலிருந்தே படிப்பதாம், வருடத்துக்கு ஒரு முறை கோயமுத்தூர் போய்ப் பரீட்சை எழுதினால் போதுமாம். அறுபத்தொரு வயதில் எதற்கு அம்மணி படிப்பு, இனி எந்த ஆபீசுக்குப் போகப்போகிறாய் என்று கேட்டேன்.

"சின்ன வயசுலயே ஆசைங்கக்கா. அப்ப தபாலுக்குத்தான் வழி இருந்துது" என்றாள்.

எனக்கு அது நம்பும்படியாக இல்லை. இத்தனை வருடம் என்னிடம் சொல்லாத ஆசை எங்கே இருந்தது?

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லாரும் போனில் ஏதோ மழைக் குழுவில் பழகியவர்கள். அதில் இரண்டு பேர் அடிக்கடி வந்தார்கள். ஒருவர் பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். இன்னொருவர் கோட்டைமேட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பாய். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். நான் அரிசி புடைக்கிற மாதிரி முறத்தை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் இருப்பேன்.

"ஐப்பசி பொறந்து எட்டு நாளாச்சு, காத்து இன்னும் மேக்கால இருந்துதான் வருதுங்க" என்பார் பண்ணைக்காரர்.

"கெழக்கால திரும்பாம மழ எங்கீங்க வரும்? நாளான்னிக்குத் திரும்பும், பாருங்க" என்பாள் தங்கை.

"போன தடவையும் நாளான்னிக்குன்னுதான் சொன்னீங்க" என்பார் பாய். "உங்க பேச்சக் கேட்டு மொட்டமாடியில பந்தியப் போட்டேன். வந்த சம்பந்திக மழத்தண்ணியில பிரியாணி தின்னுட்டுப் போனாங்க."

மூன்று பேரும் சிரிப்பார்கள். காற்றைப் பற்றிப் பேசவா பல்லடத்திலிருந்து ஒரு ஆள் பஸ் ஏறி வருவார்? காற்றில் சிரிக்க என்ன இருக்கிறது? உள்ளே வேறு ஏதோ சங்கதி இருக்கிறது என்று என் மனதுக்குப் பட்டது.

பட்டது போலவே ஒருநாள் டேப் கொண்டுவந்தார்கள். நீளமான டேப். பாய் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, பண்ணைக்காரர் மதில் சுவரிலிருந்து அளந்தார். தங்கை நோட்டில் குறித்தாள். பிறகு வாசலுக்கு நடுவில் சிமெண்டு போட்டு, முழங்கால் உயரத்துக்கு ஒரு உருளையை நட்டார்கள். மேலே புனல் மாதிரி வாய். மழைமானியாம்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பொது வாசலை அளந்து நடுவில் ஒன்றை நட்டால் அது என்ன? எங்கள் பக்கத்தில் பாகம் பிரிக்கிறவர்கள் கல் நடுவது அப்படித்தான். அவினாசி ரோட்டை ஒட்டின இடத்துக்கு இப்போது எப்படி ஆள் அலைகிறது என்று எல்லாருக்கும் தெரியும். மகனைக் கூப்பிட்டு, பீரோவில் பத்திரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

"ஏம்மா, சித்தி மழ அளக்கறாங்க. அவ்வளவுதான்."

"மழைய அளந்து என்ன பண்ணுவா? பொட்டலங் கட்டி விப்பாளா?"

"தெரியாமப் பேசாதீங்கம்மா."

"ஆமாப்பா, நான் தெரியாதவ. படிச்சவ சொன்னா உனக்குச் சரி."

பத்திரம் இருந்தது. அதன் பிறகு பீரோச் சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டேன். தங்கை தினம் காலை எட்டரைக்கு அந்த உருளையைத் திறந்து, உள்ளே இருக்கிற தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிப் பார்த்து நோட்டில் எழுதி, போனில் எல்லாருக்கும் அனுப்புவாள். ஒருநாள் தவறியதில்லை. இவ்வளவு ஒழுங்காக ஒருத்தி ஒன்றைச் செய்தால் அதில் அவளுக்கு ஏதோ லாபம் இருக்க வேண்டும் என்று நான் எண்ணினேன்.

அந்தச் சமயத்தில் பாய் அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "எடம் சரியில்லீன்னா கணக்குத் தப்பா வருமுங்கம்மா. அப்படி வந்தா வேற எடத்துக்கு மாத்திப்போடலாம்." இதைப் பிடித்துக்கொண்டேன். கணக்குத் தப்பாக வந்தால் கல் தானாகப் பிடுங்கப்படும்.

அந்த வருடம் ஐப்பசிக் கடைசியில் தங்கை முதல் பரீட்சைக்குக் கோயமுத்தூர் போய், அன்று ராத்திரி அங்கேயே சிநேகிதி வீட்டில் தங்கினாள். மகனும் மருமகளும் ஆனைமலைக்கு மாசாணியம்மன் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நான் ஒருத்தி. அவள் திரும்பி வருகிற அன்று விடிகாலையில் எழுந்து வாசல் தெளித்தேன். தெளித்து முடித்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் அந்தப் புனலில் ஊற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கோலம் போட்டேன்.

தங்கை எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையைக்கூட உள்ளே வைக்கவில்லை, நேராக அதைத் திறந்தாள். வாசல் ஈரமாக இருந்தது. குடுவையில் ஊற்றினாள், மறுபடி ஊற்றினாள், மறுபடியும்.

"அக்கா, ராத்திரி மழ பேஞ்சுதுங்களா?"

"பேஞ்சிருக்கும். எனக்குக் கண்ணசந்து போச்சு."

"நாப்பத்திரண்டு மில்லிமீட்டருங்கக்கா!"

ஒரு சொம்புத் தண்ணீர் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் ஆகும் என்று எனக்கு என்ன தெரியும்? ஐந்தோ பத்தோ வரும் என்று நினைத்திருந்தேன். அவள் அதை அப்படியே எழுதி அனுப்பிவிட்டாள். அன்று சூலூரிலும் மழை இல்லை, சோமனூரிலும் இல்லை, அவினாசியிலும் இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் நாற்பத்திரண்டு.

அரைமணி நேரத்தில் பண்ணைக்காரர் போன் செய்தார். தங்கை போனை எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள்.

"ஏனுங்கம்மா, உங்கூட்டுக்கு மட்டும் லாரித் தண்ணி வந்துதுங்களா?"

"ஐப்பசி இடி மழ அப்படித்தானுங்களே. தெருவுக்கு இந்தாண்ட பேயும், அந்தாண்ட காயும்."

"உங்கூரு பஸ் ஸ்டாண்டாண்ட நம்ம சொந்தக்காரர் தறி போட்டிருக்கறாரு, கேட்டுப்போட்டுத்தான் கூப்பிடறேன். ஒரு தூத்தல்கூட இல்லீங்கறாரே."

"எங்கக்கா ஊட்டுலதான் இருந்தாங்க. பேஞ்சுதுன்னு சொல்றாங்க."

பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் டேப்போடு வந்தார்கள். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம், பிடுங்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று. பாய் என்னைப் பார்த்து, "அம்மா, இந்த மொனையக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க" என்றார். பிடித்தேன். மதில் சுவர் வரை அளந்தார்கள். அடுத்து தென்னங்கன்று வரை, அதற்கடுத்து தங்கையின் அறை வரை, என் சமையல்கட்டு வரை. எதற்கு நாலு பக்கமும் என்று கேட்டேன். மரமோ சுவரோ கிட்டத்தில் இருந்தால் மழையை மறைத்துவிடும், அதன் உயரத்தைப் போல இரண்டு பங்கு தள்ளி இருக்க வேண்டும் என்று பாய் பொறுமையாகச் சொன்னார். டேப்பைப் பிடித்தபடியே நின்றேன். பாகம் பிரிக்கிறவன் இப்படிச் சுற்றிச்சுற்றி அளக்க மாட்டான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் மழையைத்தான் அளந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

அளந்து முடித்துப் பண்ணைக்காரர் டேப்பைச் சுருட்டினார்.

"எடம் சரியாத்தான் இருக்குதுங்க. மானியிலயும் ஒண்ணும் கோளாறு இல்ல. அப்ப..."

"அப்ப நான் பொய் எழுதுனேன்ங்கறீங்களா?" என்றாள் தங்கை.

"நான் அப்படிச் சொல்லலீங்களே."

"வேற எப்படிச் சொல்றீங்க?"

அவர் டேப்பைப் பையில் போட்டார். பாய் தரையைப் பார்த்தார். தங்கை முகம் வெளுத்துப்போயிற்று. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இந்தத் தெருவில் என்னை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அந்த இரண்டு ஆண்களுக்கு முன்னால், நான் வளர்த்த பிள்ளைக்கு முன்னால், நான்தான் ஊற்றினேன் என்று சொல்ல என் நாக்கு வரவில்லை. காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். காப்பி வருவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு யாரும் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவில்லை. கூட்டம் கோயமுத்தூரில் நடக்கும், தங்கை போக மாட்டாள். ஆனால் எட்டரைக்கு எழுதி அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை. நிஜமாகவே எங்கள் ஊரில் பெரிய மழை பெய்த ஒருநாள், "இது ஊரு மழையுங்களா, உங்கூட்டு மழையுங்களா" என்று யாரோ போனில் எழுதியிருந்தார்கள். அதை எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. படிப்பை முடித்தாள். தேறிய காகிதம் வந்தபோது என் கையில்தான் முதலில் கொடுத்தாள். அதைப் பார்க்க வாசலுக்கு யாரும் வரவில்லை.

போன வருடம் ஆடியில் அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. ஈரல் என்றார்கள். எழுந்து வாசலுக்கு வர முடியாத நிலை வந்ததும், தினம் காலையில் என்னைத்தான் கூப்பிடுவாள். மகன் படித்தவன், மருமகள் படித்தவள், அவர்களைக் கூப்பிடவில்லை. "அக்கா, நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்பாள். எழுத்து மெதுவாகத்தான் வரும், எண் எனக்கு நன்றாகத் தெரியும். பார்த்துவந்து சொல்வேன். படுத்தபடியே அதை எழுதுவாள். ஒருநாள்கூடக் குடுவையைக் கொண்டுவாருங்கள், பார்க்கிறேன் என்று கேட்டதில்லை.

ஒருநாள் நானே கேட்டேன். "நாஞ் சொன்னாச் சரியாத்தான் இருக்குமா அம்மணி?"

"நீங்க பாத்தது தானுங்களேக்கா" என்று எழுதிக்கொண்டே சொன்னாள்.

அவளுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் என்னையே அனுப்பினாளா? அவள் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. இந்த ஒரு வருடமும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். மருமகள் கஞ்சியோடு உள்ளே வந்தாள். நாளைக்கு என்று விட்டேன். புரட்டாசி முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவுக்கும், கூடவே இருந்த நர்சுப் பெண்ணுக்கும், ராத்திரி பகல் பாராமல் பணிவிடை செய்த என் மருமகளுக்கும் நன்றி. அலைந்து திரிந்த மகனுக்கும் நன்றி. காரியத்தன்று பந்தலும் சாப்பாடும் பார்த்துக்கொண்ட பங்காளிகளுக்கும் நன்றி. மழைக்கார நண்பர்கள் இருபது பேருக்கு மேல் வந்திருந்தீர்கள். பண்ணைக்காரர் கடைசிவரை இருந்தார். அவரும் அழுதார்.

இதை மலரில் போட வேண்டாம் என்று மகன் சொன்னான். "சொந்தக்காரங்க கைக்கெல்லாம் போகும்மா. உங்கள என்ன நினைப்பாங்க?" என்றான். என்னை என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும் என்றேன். அவளைப் பற்றித் தப்பாக நினைத்தது போதும்.

ஆகையால் தங்கையின் மழைக்கார நண்பர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அவள் உங்களுக்குப் பொய்க் கணக்கு அனுப்பவில்லை. முதல் பரீட்சை முடித்து வந்த அன்று அவள் அனுப்பிய நாற்பத்திரண்டை அடித்துவிடுங்கள். அன்று எங்கள் வாசலில் மழை பூஜ்யம். மற்ற நாளெல்லாம் அவள் எழுதியது எழுதியபடியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா