உறுதிசெய்யப்படாத மலைப்பயணம்

ஞானசிகாமணி சார் இறந்த செய்தி வந்தபோது என் மடியில் முப்பது அடி கயிறு இருந்தது. சனிக்கிழமை மாலை. பாறசாலையில், எங்கள் மிஷன் பள்ளியின் கணக்கு வகுப்பறையில், மலைப்பயணக் குழுவின் நான்கு மணிக் கூட்டத்துக்காகக் காத்திருந்தேன். கயிறு என் பொறுப்பு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது சார் வைத்த விதி. ஆறு ஆண்டுகளில் அவர் ஒரு நிமிடம்கூடத் தாமதித்ததில்லை. அன்று நான்கு இருபது ஆகியும் அவரைக் காணவில்லை. அப்போது தையற்காரர் யேசுவடியான் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"சாரு மரிச்சுப் போனாரு. மத்தியானம் சோறு தின்னுட்டுப் படுத்தவராக்கும், எழும்பல்ல," என்றார். பிறகு என் மடியைப் பார்த்துவிட்டு, "கயிறு கொண்டு வந்தியளா?" என்று கேட்டார். பழக்கம் அவ்வளவு தூரம் போயிருந்தது.

அவரை அறிந்தவர்கள் இதைப் படித்ததும் கண்ணீர் விடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் ஒரு பெருமூச்சு வரும். கணக்கு ஆசிரியர், குன்னத்துகால் சபைக் கமிட்டியின் நிரந்தரச் செயலாளர். அவர் வீட்டுக் கிணற்றடியில் நின்றால், மழையில்லாத காலைகளில் கிழக்கே மலை நீலமாகத் தெரியும். ஐம்பத்திரண்டு வயதுவரை அதைப் பார்த்தபடி பல் தேய்த்தவர், மலைப் பக்கம் ஒற்றசேகரமங்கலத்துக்கு அப்பால் ஓர் அடி வைத்ததில்லை. அந்த மலைக்காட்டில் மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்குவது அவருடைய ஒரே ஆசை. அதற்காக நான்கு பேரைச் சேர்த்தார்: அவர், சரித்திரம் கற்பித்த நான், மலையாள ஆசிரியர் குட்டன் பிள்ளை, கூடாரம் தைப்பதற்காக யேசுவடியான்.

சபைக் கமிட்டியில் ஊறிய மனிதருக்கு நான்கு பேரை ஓரிடத்தில் உட்காரவைக்க வேறு வழி தெரியாது. முதலில் ஜெபம். குட்டன் பிள்ளையும் மரியாதையாகக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு போன கூட்டத்தின் குறிப்பை வாசிப்பார். அதில் திருத்தங்கள் சொல்லலாம், எல்லோரும் சொன்னோம். திருத்தியதை நால்வரும் கையெழுத்திட்டு உறுதிசெய்த பிறகே அடுத்த விஷயம். அதற்குள் வெளிச்சம் போய்விடும். அரிசி ஐந்து படியா ஆறு படியா என்பது முடிவாக ஒரு பருவமழைக்காலம் முழுவதும் பிடித்தது.

"எழுதாதது நடக்காது," என்பார் சார். எழுதியதும் நடக்கவில்லை என்று நான் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறேன். அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

அவை எல்லைப் போராட்ட ஆண்டுகள் என்பதை நினைவூட்டத் தேவையில்லை. ஊர் தமிழ்ப் பக்கமா மலையாளப் பக்கமா என்று சந்தையிலும் சபையிலும் சண்டை. ஆசிரியர் அறையில் நாற்காலிகள் தாமாகவே இரண்டு வரிசையாகப் பிரிந்தன. ஒருநாள் குட்டன் பிள்ளையின் கரும்பலகையில் யாரோ 'உன் ஊருக்குப் போ' என்று எழுதிவைத்தார்கள். அவர் ஊரான அதியன்னூர் ஏழு மைல்தான். மனிதர் போய்விட்டார்; நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு எங்கள் கூட்டத்துக்கும் வராமல் நின்றுவிட்டார்.

சரியாக அந்த வாரத்தில், ஒன்றரை ஆண்டு காத்திருந்த வன இலாகா அனுமதி வந்தது. எந்த மொழியில் மனு எழுதுவது என்று மூன்று கூட்டம் விவாதித்து, யார் மனமும் நோகாமல் ஆங்கிலத்தில் எழுதிய மனு அது. பத்து நாளுக்குள் மலையேற வேண்டும். கூடாரம் தைத்து முடிந்திருந்தது. மூன்று பேராகவே போய்விடலாம் என்று நானும் யேசுவடியானும் சாரிடம் கெஞ்சினோம்.

"நாலு பேரு தீர்மானிச்சது மக்கா," என்றார் யேசுவடியானிடம். "மூணு பேரு போனா அது வேற பயணமாக்கும். அதுக்கு முதல்ல இருந்து கூட்டம் போடணும்."

"வேண்டாம் சாரே. அதுக்குப் பதிலா நான் இங்கேயே சாவேன்," என்றார் யேசுவடியான்.

ஆகவே போன கூட்டத்தின் குறிப்பில் குட்டன் பிள்ளையின் கையெழுத்தை வாங்கச் சார் புறப்பட்டார். அவர் தேர்ந்தெடுத்தது முழுக் கடையடைப்பு நாள். பஸ் இல்லை. கக்கத்தில் குறிப்புப் புத்தகத்தோடு ஏழு மைல் நடந்தார். அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். குழுவில் இருவர் சேர்ந்தால் கயிறும் இருக்க வேண்டும் என்றார், கயிறும் வந்தது.

அமரவிளைப் பாலத்தில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். புத்தகத்தைத் திறந்து என்ன எழுத்து என்று கேட்டார். சார் பின்பக்கப் பட்டியலை மலையாளத்தில் உண்மையாகப் படித்துக் காட்டினார்: வெட்டுக்கத்தி, அரிக்கேன் விளக்கு, மண்ணெண்ணெய், மலைப்பாதையின் வரைபடம். போலீஸ்காரரின் பார்வை மெல்ல என் தோளிலிருந்த கயிற்றுக்கு வந்தது. நான் என் குடும்பத்தை நினைத்துக்கொண்டேன். சார் பதறவில்லை. விளக்கம் முறைப்படி இருக்க வேண்டும் என்று முதல் கூட்டத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். வெயிலில் நின்று, திருத்தங்கள் உட்பட. ஐந்தாம் கூட்டத்தில், அரிசி நடுவே, போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார்.

"இவரு ஒரிடத்தும் போகமாட்டாரு," என்று தன் சகாவிடம் சொல்லி எங்களை விட்டுவிட்டார். எங்கள் பயணத்தைப் பற்றி அரசாங்கத்தின் ஒரே சரியான மதிப்பீடு அதுதான்.

குட்டன் பிள்ளை வாசலிலேயே கத்தினார். "எந்தா சாரே, பைத்தியமா? ரோட்டுல ஆளுகள் அடிச்சுச் சாகுது. நிங்கள் அரிசிக் கணக்கும் தூக்கிக்கொண்டு வாறீங்களா?"

"அரிசி முடிஞ்சு. இது மண்ணெண்ணெய் அடுப்பு," என்றார் சார். "நீரு அடுப்பு வேண்டாம்னு சொன்னதைச் சரியா எழுதியிருக்கேனான்னு பாத்து ஒரு ஒப்பு போடணும்."

குட்டன் பிள்ளை வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரியாயில்ல," என்று சொல்லி, பேனா கேட்டு, ஒரு சொல்லைத் திருத்திக் கையெழுத்திட்டார். அடுத்த சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்தார். திங்கட்கிழமை பள்ளிக்கும் வந்தார். அதற்குள் அனுமதி காலாவதியாகியிருந்தது. புது மனு எந்த மொழியில் என்பது அடுத்த கூட்டத்தின் முதல் பொருள்.

எல்லை பிரிக்க ஆணைக்குழு வந்தது, எல்லோரிடமும் கேட்டது, அறிக்கை எழுதியது, தேசப்படம் மாறியது. இரண்டு மாநிலங்கள் உருவாக எடுத்த காலத்தில் நாங்கள் கம்பளி வரை வந்திருந்தோம். பாறசாலை மலையாளப் பக்கம் நின்றது. களியக்காவிளையிலிருந்த யேசுவடியானின் கடை தமிழ்ப் பக்கம் போயிற்று. புதுப் படத்தைப் பார்த்து, "கோடு போட்டவனுக்கு ஜியாமெட்ரி தெரியாது," என்று மட்டும் சொன்னார் சார். மூன்றாம் மாதம் இறந்துவிட்டார்.

அடக்க ஆராதனையில் போதகர் உருக்கமாகப் பேசினார். இரு மொழிக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதற்காகவே சார் பயணத்தைத் தள்ளிக்கொண்டே போனாராம். எல்லோரும் தலையசைத்தார்கள். நல்ல விளக்கம், ஆனால் உண்மையல்ல. ஆறாண்டில் நான்கு முறை அவர் பெட்டி கட்டிவைத்துப் பிரித்ததாக அவர் மனைவி எங்களிடம் சொன்னார். அவருக்குப் போக ஆசை. நால்வரும் சேர்ந்து போக ஆசை. முறைப்படி போக ஆசை. இதில் ஒன்றை விட்டிருந்தால் மலையைப் பார்த்திருப்பார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் அந்த அம்மா குறிப்புப் புத்தகத்தை என்னிடம் தந்தார். குட்டன் பிள்ளை பிடுங்கிக் கடைசிப் பக்கத்தைப் படித்தார்.

"தெற்றாணு, தப்பு. நான் ரெண்டு கம்பளி கொண்டுவருவேன்னு எழுதியிருக்கு. ஒண்ணுன்னாக்கும் நான் சொன்னது."

"இனி யாரு திருத்த?" என்றார் யேசுவடியான்.

குட்டன் பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, எங்கள் குழுவின் சரித்திரத்தில் முதல்முறையாக, எதையும் திருத்தாமல் கையெழுத்திட்டார். யேசுவடியானும் நானும் போட்டோம். நான்காவது இடம் காலியாக இருக்கிறது. சாரின் விதிப்படி அந்தக் கூட்டம் இனி ஒருநாளும் உறுதியாகாது.

"ஆகவேண்டா," என்றார் குட்டன் பிள்ளை. "அனுமதி நான் வாங்கித்தாறேன். கிடைச்ச மறுநாள் காலத்த முதல் பஸ். ரெண்டு கம்பளியும் நான் எடுக்கும்."

"கூடாரம் நாலு பேருக்குத் தச்சது," என்றார் யேசுவடியான்.

"கிடக்கட்டும் எலே. நீ நல்லா உருண்டு படு," என்றார் குட்டன் பிள்ளை.

சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் புத்தகமும் கயிறும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்போது என் வாய் என்னைக் கேளாமல், "அன்றைக்கு மழை பெய்தால்?" என்றது. இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு ஆண்டுகளாக நான் ஞானசிகாமணி சாரைப் பார்த்த பார்வை அது.