துபாயிலிருந்து நாலு மணி நேரம்

டாக்டர் கையை விரித்துவிட்டார். அம்மாவைத் திருவனந்தபுரம் வலியசாலை வீட்டுக்கே கொண்டுவந்து கூடத்துக் கட்டிலில் படுக்க வைத்தோம். அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆசைதான். அமெரிக்காவில் இருக்கும் அண்ணாவை நேரில் பார்த்துவிட்டுப் போகணும். வீடியோவில் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடிக்குள்ள இருக்கறவன் எனக்கு வேண்டாம் என்றாள்.

அண்ணா கிளம்பினான். எத்தனை நேரமாகும் என்று ஃபோனில் தட்டிப் பார்த்தேன். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து திருவனந்தபுரம் பதினாலாயிரம் கிலோமீட்டர் சொச்சம், பறக்கும் நேரம் பதினேழு மணி நேரம் என்றது அந்தப் பாழாப்போன பக்கம். ஒரே மூச்சில் பறந்துவர எந்த விமானம் இருக்கு? காக்கா நேர்கோட்டில் பறக்கிற கணக்கை யார் கேட்டா? துபாயில் இறங்கி, காத்துக்கிடந்து, வேறு விமானம் மாறித்தான் அவன் வரணும்.

அம்மாவிடம் மணிக்கணக்கெல்லாம் சொல்லவில்லை. கண் திறக்கும்போதெல்லாம் எங்கே வந்திருக்கான் என்று கேட்பாள். கடலுக்கு மேலே என்பேன். பனிமலைக்கு மேலே என்பேன். அதைச் சொன்னால்தான் ஒரு வாய் கஞ்சித்தண்ணி உள்ளே போகும்.

முதல் விமானம் தாமதமாகி, துபாயில் காலை விமானத்தைத் தவறவிட்டான். அடுத்ததில் சாயங்காலம் வந்துடுவேன் என்று ஃபோனில் சொன்னான். நாலு மணி நேரந்தான், வந்தாச்சு மாதிரிதான் என்று அம்மாவின் காதில் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் கண்ணைத் திறந்து கேட்டாள்.

"இன்னிக்கு ஆறாட்டாச்சேடி. ப்ளேன் எப்படி எறங்கும்?"

கோட்டைக் கோயில் பெருமாள் ஆறாட்டன்னிக்குச் சங்குமுகம் கடலுக்கு நீராடப் போவது விமான ஓடுபாதை வழியாகத்தான். வருஷத்தில் இரண்டு தடவை, ஊர்வலம் போய்த் திரும்புகிறவரை விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள். இந்த ஊரில் பிறந்த எனக்கும் அண்ணாவுக்கும் இது தெரியாதா? அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்று பார்த்ததுதானே. ஆஸ்பத்திரி வாசத்தில் எனக்குக் கிழமையே மறந்திருந்தது. நான் ஃபோனில் சொன்னதும் அண்ணா அங்கே கவுண்டரில் போய்க் கேட்டான். ராத்திரிதான் இறங்க விடுவார்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பெருமாளையே வாய்விட்டுத் திட்டினேன். இத்தனை வருஷம் உனக்கு விளக்கு வைத்தவளுக்கு ஒரு சாயங்காலத்தை விட்டுக்கொடுத்தால் உனக்கு என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன். அம்மா என் கையைத் தொட்டாள்.

"அவர் போய்க் குளிச்சுட்டு வரட்டும். நான் இருக்கப் பாக்கறேன்."

பாவம், இருக்கத்தான் பார்த்தாள். கோட்டைப் பக்கம் ஊர்வலம் கிளம்புகிற வெடிச்சத்தம் கேட்டபோது கை கூப்பினாள். அப்புறம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கங்கைச்செம்பின் முத்திரையை உடைத்து வாயில் ஜலம் விட்டேன். பொழுது சாய்வதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. பெருமாள் அப்போது கடலுக்கே போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். பக்கத்தாத்து மாமிகள் ஓடி வந்தார்கள். அம்மாவைக் கட்டிலிலிருந்து இறக்கித் தெற்கே தலைவைத்துக் கிடத்தினோம்.

தலைமாட்டில் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது அண்ணா கூப்பிட்டான். போர்டிங் ஆரம்பிச்சாச்சு, அம்மாகிட்ட ஃபோனைக் கொடு, ஒரு வார்த்தை பேசறேன் என்றான். முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே பெல்ட்டைப் போட்டுக்கொண்டு அவன் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டு வரவேண்டாமே என்று தோன்றியது. தூங்கறா என்றேன்.

"அப்போ எழுப்பாதே. நான் வந்து எழுப்பிக்கறேன்," என்றான்.