ராசாவோடு பேசும் தமிழ்

சென்னையில் நாய்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவேயில்லை. லஸ் பக்கத்துப் பூங்காவுக்குக் காலையில் நடக்கப் போனால், வாசலில் கீரைக்காரரிடம் வெளுத்துக்கட்டும் தமிழில் பேரம் பேசிய அதே அம்மா, தன் நாயின் பக்கம் திரும்பி, "நோ பேபி, டோன்ட் ஈட் தட்" என்பார். வீட்டில் தமிழைத் தவிர வேறொன்றும் பேசாதவர்கள்கூட நாயிடம் மட்டும் சிட், ஸ்டே, கம். தெருநாய்க்கு இந்த மரியாதை கிடையாது. அதற்கு "போ அந்தாண்ட" என்பதோடு சரி. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வளவில் நின்ற ஜிம்மிக்குப் பெயர் மட்டும்தான் வெள்ளைக்காரனுடையது. ஏச்சும் கொஞ்சலும் எங்கள் பாஷையிலேயே நடந்தன. அதை யாரும் தேடிப் போய் வாங்கவும் இல்லை. மழைக்கு ஒதுங்கியது, அப்படியே நின்றுவிட்டது.

நானும் அப்படி இந்த ஊரில் நின்றுவிட்டவள்தான். கணவர் அருள் சாந்தோம் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை, பள்ளிக்கூட ஆசிரியர். அவரைக் கட்டிக்கொண்டு வந்து ஆழ்வார்பேட்டையில் குடித்தனம் வைத்த நாட்களில், நான் வாயைத் திறந்தால் போதும், ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்து, "நீங்க மலையாளமாம்மா?" என்பார். இல்லை என்றால் எந்த ஊர், சண்டையில் யார் யார் போனார்கள், கப்பலில் வந்தீர்களா, விமானத்திலா என்று இறங்கும் இடம் வரை கேள்வி. கெட்டவர்கள் இல்லை, அக்கறையோடுதான் கேட்பார்கள். எனக்குத்தான் சலித்துப்போனது. ஒருநாள் "ஆமாங்க, மலையாளம்" என்று தலையாட்டிவிட்டேன். பிறகு அந்தத் தொல்லையும் வேண்டாமென்று இந்த ஊர்ப் பேச்சைப் பழகிக்கொண்டேன். 'ஓம்' போய் 'ஆமா' வந்தது. 'இஞ்சை' போய் 'இங்க' வந்தது. இப்போது தி. நகரில் புடவைக் கடைக்காரரை வாயடைக்க வைக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன். என் சொந்தப் பேச்சு தொலைபேசியில் தங்கையோடு மட்டும் மிஞ்சியது.

நாய் வேண்டும் என்றது நான். லேப்ரடார் என்றது அருள். விசாரித்து விசாரித்து ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம். பட்டறைக்காரரின் லேப்ரடார் குட்டி போட்டிருந்தது. தகப்பன் அவர் காவலுக்கு வைத்திருந்த சிப்பிப்பாறை, ஒல்லியாக, நெடுநெடுவென்று நிற்கும் தெற்கத்தி வேட்டைநாய்.

"லேப்பும் இல்ல, சிப்பிப்பாறையும் இல்ல. ரெண்டுங்கெட்டானா கீதுன்னு யாரும் எடுக்க மாட்டேன்றாங்க மேடம்" என்றார் பட்டறைக்காரர்.

அருள் என்னைப் பார்த்து, "ப்யூர் லேப்பாவே பாத்துக்கலாமே" என்றார். எனக்கோ அந்த 'ரெண்டுங்கெட்டான்' நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. மற்றக் குட்டிகள் எல்லாம் என் துப்பட்டாவைக் கடிக்க ஓடி வந்தன. ஒன்று மட்டும் காற்றில் பறந்த பிளாஸ்டிக் பையைத் துரத்திக்கொண்டு பாய்ந்தது. பாதி தூரம் போய் நின்று, திரும்பி எங்களைப் பார்த்தது. போவதா வருவதா என்று அதற்கே தெரியவில்லை. "அதுதான்" என்றேன்.

அருள் புரூனோ என்று பெயர் வைத்தார். சிட், ஸ்டே, கம் எல்லாம் முறையாகச் சொல்லிக் கொடுத்தார். வாசலில் இருக்கும் வாட்ச்மேன் முனுசாமியும், "புரூனோ, கம்யா கம்" என்றுதான் கூப்பிடுவார். பகலில் வீட்டில் நானும் அதுவும் மட்டும். முதல் வாரம் குட்டி தாயைத் தேடி அழுதபோது, தூக்கி மடியில் வைத்து, "என்ன ராசா, ஏன் குஞ்சு அழுறாய்" என்று என்னை அறியாமல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. காய் நறுக்கிக்கொண்டே அதோடு கதைப்பேன். தங்கையிடம் சொல்லாததைக்கூட அதனிடம் சொல்லியிருக்கிறேன். பகல் முழுக்க எனக்கு அது ராசா. அருள் வந்ததும் புரூனோ ஆகிவிடும்.

வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் இரண்டு நாய்களை வாங்கியிருக்கிறோம் என்று தெரிந்தது. வாய் லேப்ரடாருடையது: தயிர்சாதம், பூசணிக்காய், தேங்காய்ச் சில்லு, அருளின் செருப்பு, எதையும் விடாது. உடம்பு சிப்பிப்பாறையுடையது: எவ்வளவு தின்றாலும் விலா எலும்பு தெரியும். பூங்காவில், "சோறு போட மாட்டீங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. வெட்கப்பட்டு மருத்துவரிடம் கொண்டுபோனால், "இதோட உடம்பு வாகுக்கு இப்படித்தான் இருக்கணும், கொழுக்க வச்சிடாதீங்க" என்று அனுப்பிவிட்டார். ரோடு கொதிக்கும் முன்பே நடை, வந்ததும் அதன் விரலிடுக்கில் உண்ணி பார்ப்பது என்று என் நாள் நிறைந்துபோனது. சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

கழுத்துப்பட்டையில்தான் கோட்டை விட்டோம். பாண்டி பஜாரில் லேப்ரடாருக்கு என்று விற்றதை வாங்கி மாட்டினோம். வேட்டைநாய்க்குக் கழுத்தைவிடத் தலை சிறுத்திருக்கும், சாதாரணப் பட்டையிலிருந்து சட்டென்று உருவிக்கொள்ளும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஒரு மாலை எங்கள் தெருமுனையில் சாவு ஊர்வலம் வந்தது. பறை, பூ, அதோடு சரவெடி. முதல் வெடிக்கே ராசா தலையை உருவிக்கொண்டு பறந்தான். என் கையில் வெறும் பட்டை தொங்கியது.

முனுசாமி முன்னால் ஓட, நான் பின்னால் ஓடினேன். இரண்டு தெரு தள்ளி நின்ற ஒரு தண்ணீர் லாரியின் அடியில், பின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தான். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "கம் கம் கம்", "கம் ஆன் பாய்", "குட் பாய்" என்று ஆளாளுக்குக் குனிந்து கூப்பிட்டார்கள். ஒருவர் பிஸ்கட் நீட்டினார். அவன் இன்னும் உள்ளே ஒடுங்கினான்.

"லாரிய எடுக்கணும் மேடம், பின்னாடி வண்டி லைன் கட்டி நிக்குது" என்றார் டிரைவர். ஹாரன்கள் அலறின.

நானும் "புரூனோ, கம்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவன் என்னைப் பார்த்தான், வரவில்லை. டிரைவர் கதவைத் திறந்து ஏறினார். நான் ரோட்டில் மண்டியிட்டு, தலையை லாரிக்கு அடியில் நீட்டிக் கத்தினேன்.

"ராசா, இஞ்சை வா. பயப்பிடாதை. நான் நிக்கிறன் எல்லே. எழும்பி வா குஞ்சு, வீட்டை போவம்."

காது நிமிர்ந்தது. வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டே ஊர்ந்து வந்து என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தான். பிஸ்கட் நீட்டியவர் மெதுவாக, "நீங்க மலையாளமா மேடம்?" என்றார்.

"இல்லையண்ணை, தமிழ்தான். நான் யாழ்ப்பாணம்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. ராசாவைத் தூக்க ஒரு கை கொடுத்தார்.

இப்போது அகலமான, இழுத்தால் இறுகும் பட்டை போட்டிருக்கிறோம். அருள் இன்னும் புரூனோ என்கிறார். அவன் அதற்கும் வாலாட்டுகிறான். நான் பூங்காவிலும் அவனோடு என் தமிழிலேயே கதைக்கிறேன். திரும்பிப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

நேற்றுக் காலை நடை முடிந்து வந்தோம். ராசா கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டான். தெருக்கோடியில் ஒரு பை பறந்துகொண்டிருந்தது. முன்னங்கால் அந்தப் பக்கம், முகம் இந்தப் பக்கம். நான் பட்டையை இழுக்கவில்லை. முனுசாமி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கேட்டைத் திறந்து பிடித்தபடி கூப்பிட்டார்.

"இஞ்ச வா ராசா, இன்னா பாத்துக்கினு கீற. வா, வீட்டை போவம்."

ராசா உள்ளே போனான். அவன் பின்னால் நானும் போனேன்.